மரம் வேண்டாம் என்று சொன்ன நாள்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நாலு வார்த்தையோடு நிற்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகவே பக்கத்தில் காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. என் அம்மா விருதுநகரில் நர்ஸாக இருந்தவர். கடைசிவரை என்னைப் பற்றி, "அவ ஏதோ குருவி பாத்துக் கையெழுத்துப் போடுறா" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. ஒருவர் ஆலை கட்டவோ சாலை போடவோ கிடங்கு எழுப்பவோ கிளம்புகிறார். அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்கள் எவை, அவற்றுக்கு என்ன ஆகும், என்ன செய்தால் இரண்டு பேரும் பிழைக்கலாம் என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. நாம் சொல்வதை வைத்து அனுமதிக் குழு முடிவு செய்யும். கட்டுகிறவருக்கு நம்மேல் கோபம், பறவைப் பிரியர்களுக்கும் கோபம். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற நாளில் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

பறவைகளை எப்படி எண்ணுவது, வரைபடம் எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வனவிலங்குக்காகச் சம்பளம் வாங்குகிற நான், அனுமதிக் குழுவின் முன்னால் நின்று, "ஐயா, இங்கே மரம் நட வேண்டாம்" என்று சொன்ன கதை அது.

இடம் வெம்பக்கோட்டை அணைக்கு இந்தப் பக்கம். ஜெயராணி என்று ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. குடும்பத்தில் பாகம் பிரித்தபோது ரோட்டோரத்து நிலத்தையெல்லாம் மைத்துனர்கள் எடுத்துக்கொண்டு, கல்லும் சரளையுமாகக் கிடந்த ஓரத்தை இவர் தலையில் கட்டினார்கள். வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இவர் அங்கேயே ஷெட் போட்டுக் கம்பெனி நடத்தினார். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகக் கோபப்படுவார், கோபம் போனதும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. என் கண்ணாடியையும் காட்டன் சேலையையும் பார்த்துவிட்டு அவர் என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கம்பெனி முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நான் மறுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

அவர் புதிதாக நான்கு ஷெட் கட்டியிருந்தார். சுவர் பூசி, கதவு மாட்டி, வெள்ளையும் அடித்தாயிற்று. திறக்க முடியவில்லை. அணையில் பறவைகள் வந்து தங்குகிற இடம் பக்கத்தில் இருப்பதால் வனவிலங்கு அறிக்கை ஒன்றும் வேண்டும், குழு நேரில் வந்து பார்க்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழுவின் கடிதம் வந்தால்தான் லைசென்ஸ். லைசென்ஸ் வந்தால்தான் அந்தப் பூட்டைத் திறக்கலாம்.

இதில் ஜெயராணிக்கு என்ன அவசரம் என்றால், பங்குனிப் பொங்கல், எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழா. பொங்கலுக்குக் கம்பெனிகள் எல்லாம் லீவு விடும். லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பும்போது எந்தக் கம்பெனி வேனில் ஒருவர் ஏறுகிறாரோ, தீபாவளி சீசன் முடிகிறவரை பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார். புது ஷெட்டுகளுக்காக ஒரு வேன் நிறையப் பெண்களிடம் ஜெயராணி வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். கடிதம் தள்ளிப்போனால் அவர்கள் வேறு வேனில் ஏறிவிடுவார்கள். கட்டிய ஷெட் இருக்கும், உள்ளே உட்கார ஆள் இருக்காது. வாங்கி வைத்த ஆர்டர் மைத்துனர்களின் கம்பெனிக்குப் போகும். அவரைப் பொறுத்தவரை இது இரண்டாவது முறை பாகம் பிரிப்பது மாதிரி.

ஆகவே குழு என்னென்ன கேட்கும் என்று முன்கூட்டியே விசாரித்து, எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தார். இம்மாதிரி அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை பசுமை வளையம். நிலத்தில் இவ்வளவு பங்குக்கு மரம் நட வேண்டும் என்பார்கள். ஜெயராணி வேம்பும் புங்கையும் வாங்கி, கறுப்புப் பைகளில் வரிசையாக அடுக்கி, ஷெட்டுகளுக்கு நடுவே குழியும் வெட்டத் தொடங்கிவிட்டார். முதல் கன்றைக் குழுத் தலைவர் கையால் நட வைப்பதாகத் திட்டம். அதற்கு ஒரு பித்தளைக் குடம்கூட விளக்கி வைத்திருந்தார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போயிராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருப்பார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவக் கூடாது. அந்த இடத்தில் புல் காய்ந்து கிடக்கக் கூடாது என்பதால் செதுக்கிச் செதுக்கி மொட்டைத் தரையாக வைத்திருப்பார்கள். யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள், போட்ட பாதையில்தான் போவார்கள். போன், தீப்பெட்டி எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆடு மாடு நாய் எதற்கும் அனுமதி இல்லை. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் தீயணைக்கத் தண்ணீர்த் தொட்டி நிறைந்து நிற்கும்.

எங்கள் முதல் ஆய்வு மழைக்காலத்தில் நடந்தது. அணையில் வந்திறங்கிய நாரைகளையும் வாத்துகளையும் பார்த்து எழுதினோம். கம்பெனிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. குழு வருவதற்கு முந்தின நாள், பங்குனிப் பொங்கல் லீவில் கம்பெனி வெறிச்சோடிக் கிடந்தபோது, ஒரு கடைசிச் சுற்று பார்த்துவிடலாம் என்று நானும் சிவநேசனும் போனோம். சிவநேசன் எங்கள் ஆய்வுக் குழுவின் பறவை ஆய்வாளர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். காட்டிலேயே வேலை பார்த்துப் பழகியவர். பறவையின் இறகு ஒன்று கீழே கிடந்தால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஆள்காட்டிக் குருவியின் சத்தம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. கூடு கட்டாது. மொட்டைத் தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, சரளைக் கல் நிறத்திலேயே முட்டையிடும். சிவநேசன் தரையைப் பார்த்தபடி அடி அடியாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நான் கால் வைக்க இருந்த இடத்துக்கு முன்னால் நாலு முட்டை. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி. அடுத்த ஷெட்டுக்கு முன்னால் இன்னொன்று. அணைக் கரையில் நாயும் ஆடும் முட்டைகளை மிதித்துவிடுவதால் பிழைக்க முடியாத பறவை, இங்கே குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியிருந்தது. ஒரு ஜோடியின் முட்டைகளிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் மரக்கன்றுக்கான குழி வெட்டியிருந்தது.

"மரம் வந்துட்டா இதுக இருக்காதுங்க மேடம்" என்றார் சிவநேசன். "நாலாப்பக்கமும் தெரியற வெட்டவெளிதான் இதுகளுக்கு வேணும். மரத்துல காக்கா வந்து உக்காந்துச்சுன்னா ஒரு முட்டையும் தப்பாதுங்க."

இங்கேதான் கவனிக்கச் சொல்கிறேன். எனக்குப் பேசாமல் இருக்க வழி இருந்தது. மரம் நட வேண்டாம் என்று எந்தக் குழுவும் இதுவரை சொன்னதில்லை. கன்று நட்டால் கைதட்டல், புகைப்படம், கடிதம். ஆள்காட்டி அரிய பறவையும் இல்லை. அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஜெயராணியின் வேனும் தப்பும். பேசாமல் இருக்க இத்தனை நல்ல காரணங்கள் ஒன்றாகக் கிடைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அந்த வெயிலிலும் எனக்குக் கொஞ்சம் சபலமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த முட்டைகளைப் பார்த்தாயிற்று. பார்த்ததை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெயராணியை வரச் சொன்னேன். அவர் சொம்பில் மோரோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மோர்ச் சொம்பு கீழே இறங்கியது.

"என்ன டீச்சர் பேசுறீக? ஊரு ஒலகத்துல உள்ள ஆபீசருக எல்லாம் மரம் நடு, மரம் நடுன்னு கத்துறாக. மரம் வேண்டாம்னு சொல்ற ஆள நான் இப்பத்தான் பாக்கேன். அதுவும் நான் காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளு!"

"மரத்த ரோட்டோரத்துல வைக்கலாம், ஜெயராணி. சுத்துச் சுவருக்கு வெளிய. இந்த எடவெளியில மட்டும் வேண்டாம்னு நாளைக்குச் சொல்லப்போறேன்."

"ஒத்துக்கிருவாகளா?"

"தெரியாது."

"ஒத்துக்கிடலன்னா?"

"இன்னொரு கூட்டம்னு தள்ளி வைப்பாங்க."

"அப்ப என் வேனு?" அவர் குரல் உடைந்தது. "அந்தப் பிள்ளைக வேற வேன்ல ஏறிட்டா எம்பொளப்பு போச்சு டீச்சர். இந்தக் குருவிக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

நான் சொல்வது பிடிக்காவிட்டால் இன்றைக்கே என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கன இருக்கு அந்த முட்ட, காட்டுங்க" என்றார். காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. குனிந்து விரலை நீட்டினேன். அப்போதும் தெரியவில்லை. கடைசியில் கண்ணில் பட்டதும், "ஆத்தாடி!" என்று ஓரடி பின்னால் போனார். "தெனமும் இந்தப் பக்கந்தான வாறேன். கல்லுன்னுல்ல நெனச்சேன்."

பிறகு, "சொல்றதச் சொல்லுங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா மரக்கன்ன எடுக்க மாட்டேன். அது அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். கோபத்திலும் மோரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகாதவர்களை நான் எப்போதும் நம்புவேன்.

கிளம்பும்போது சிவநேசனிடம், "நாளைக்கு நிறையக் கால் உள்ளே வரும். முட்டைகளுக்குப் பக்கத்தில் ஏதாவது அடையாளம் வைத்துவிடுங்கள்" என்று சொன்னேன். அவர், "காலையில நேரத்துலயே வந்து கட்டிடறனுங்க" என்றார்.

மறுநாள் காலை நான் போய் இறங்கியபோது, கம்பெனிக்குள் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஜெயராணியின் பழைய வேனில் வந்தவர்கள், புது ஷெட்டுகளை நம்பிப் புது வேனில் வந்தவர்கள், சமையல்காரம்மா உட்பட ஒருவர் பாக்கியில்லை. தலையில் பூ, கையில் தூக்குச் சட்டி, லீவு முடிந்து வந்த களை எல்லாம் இருந்தது. யாரும் கேட்டைத் தாண்டவில்லை. போர்மேன் மாடசாமி இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மொட்டைத் தரை முழுக்க இங்கும் அங்குமாகக் குச்சி நட்டு, குச்சி ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

காட்டில் எதற்கு அடையாளம் வைத்தாலும் சிவப்பு ரிப்பன்தான். தூரத்திலிருந்தே தெரியும். சிவநேசனின் பையில் அது எப்போதும் இருக்கும். ஆனால் இந்தக் கம்பெனியில் சிவப்புத் துணிக்கு வேறு அர்த்தம். கழிவு வெடிமருந்து எரிக்கிற நாளில், அல்லது ஒரு ஷெட்டில் மருந்துக் கலவைமேல் சந்தேகம் வந்த நாளில், போர்மேன் ஒரு சிவப்புத் துணி கட்டுவார். ஒன்றே ஒன்று. அதைப் பார்த்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அது ஏன், என்ன என்று வெளியே வந்த பிறகுதான் கேட்கலாம். இப்போது தரை முழுக்கச் சிவப்பு. அந்தப் பெண்கள் வேனிலிருந்து இறங்கிய காலோடு நின்றுவிட்டார்கள்.

"யாரு கட்டுனதுன்னு தெரியாம ஒருத்தரையும் உள்ள விட மாட்டேன்" என்றார் மாடசாமி. "மொதலாளியம்மாவையும் விட மாட்டேன்."

ஜெயராணி அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிவநேசன் ஓரமாக நின்றார். அவர் முகம் ரிப்பன் நிறத்துக்கு வந்திருந்தது. "மேடம், நாந்தானுங்க கட்டுனன். சொன்னா நம்ப மாட்டேங்கறாருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் ஜீப் வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே, வேறொரு கம்பெனியின் காலி வேனும் வந்து ரோட்டோரத்தில் ஒதுங்கியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன தாயி, இன்னைக்கு வேல இல்லயா? வாங்க, எங்க வேன்ல எடம் கெடக்கு" என்றான். ஜெயராணி அவனைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதுவதற்கில்லை.

குழுத் தலைவர் வனத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எங்கள் வட்டாரத்தில் பேச்சு. குடையை ஊன்றி இறங்கியவர், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "விபத்தா?" என்றார்.

"விபத்தில்லை ஐயா, ரிப்பன்" என்றேன் நான்.

விஷயம் என்னவென்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெண்களிடம் சிரிப்பு கிளம்பிவிட்டது. "குருவிக்கா இம்புட்டு செவப்பு? நான் கம்பெனியே போகப்போகுதுன்னு எங்க அத்தைக்குப் போன் போட்டுட்டேன்!" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரித்துச் சிரித்துத் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். மாடசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. நான் அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டேன்.

"டீச்சர், ரிப்பன அவுக்கச் சொல்லுங்க" என்று ஜெயராணி என் காதருகே வந்து கெஞ்சினார். "பிள்ளைக உள்ள போகட்டும். அந்த வேன்காரன் நிக்கிறான் பாருங்க. அய்யாவ உள்ள கூட்டிப்போய் மரத்த நட வச்சிரலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சொல் சொன்னால் போதும், குளறுபடி தீர்ந்துவிடும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள், உள்ளே ஒரு தடவை பார்த்தேன். பார்த்ததும், "யாரும் உள்ளே போக வேண்டாம். கொஞ்ச நேரம் இப்படியே நில்லுங்கள்" என்றேன்.

ஜெயராணி என் கையை இறுகப் பிடித்தார். நகம் பதிந்தது.

உள்ளே ஒரு ஆள்காட்டி முட்டையை விட்டு எழுந்திருந்தது. குழு வருகிறது என்று வாட்ச்மேன் தொட்டிகளையெல்லாம் வழிய வழிய நிரப்பியிருந்தார். வழிந்த தண்ணீர் தொட்டிக்கடியில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாததால் பறவைக்குப் பயமில்லை. நெட்டைக் கால்களால் ஓடி வந்து அந்தத் தண்ணீரில் இறங்கியது. குடிக்கவில்லை. உட்கார்ந்தது. வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து நன்றாக நனைத்துக்கொண்டது.

என் பைனாகுலரைத் தலைவர் கையில் கொடுத்தேன்.

"குளிக்கிறதா?" என்றார் அவர்.

சிவநேசன் முன்னால் வந்தார். "இல்லீங்க ஐயா. இந்த வெயில்ல முட்ட வெந்துபோயிருமுங்க. அதான் வயித்து எறகுல தண்ணிய ஏத்தீட்டுப் போயி முட்ட மேல உக்காரும். ஈரம் காய்ஞ்சா மறுக்கா வருமுங்க. இப்பப் பாருங்க, ஓடும்."

ஓடியது. சொட்டச் சொட்ட, சிவப்பு ரிப்பன்களுக்கு நடுவே, நேராகத் தன் முட்டைகளிடம் ஓடிப்போய் இறகைச் சிலிர்த்து மெல்ல உட்கார்ந்தது.

தலைவரிடமிருந்து பைனாகுலர் உறுப்பினர்களிடம் போய், அங்கிருந்து மாடசாமியிடம் போய், பெண்கள் கூட்டத்துக்குள் போய்விட்டது. புது வேனில் வந்த முத்துமாரி என்ற பெண் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, ஈரச் சேலையோட பிள்ளைக்கிட்ட ஓடுறா பாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை. பக்கத்தில் பார்த்தால் அந்த இன்னொரு கம்பெனி டிரைவரும் வண்டியை விட்டிறங்கி வந்து, கேட்டுக் கம்பி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்கள் பரிந்துரை?"

"ஷெட்டுகளுக்கு நடுவே மரம் வேண்டாம் ஐயா. பசுமை வளையம் சுவருக்கு வெளியே, ரோட்டோரமாக இருக்கட்டும்."

"நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மரம் நடச் சொல்லி வருகிறவன், அம்மா."

"நானும்தான் ஐயா. இங்கே வேண்டாம்."

அவர் குடையால் தரையில் கோடு போட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு ஜெயராணியிடம் கேட்டார். "மரம் நடாவிட்டால் இந்த நிலத்தை எப்படிப் பராமரிப்பீர்கள்?"

நான் அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஜெயராணிக்கு முந்தின நாள் கோபம் முழுக்கத் தீரவும் இல்லை. கோபம் இருந்ததால்தான் பதில் அவ்வளவு சுருக்காக வந்தது என்று நினைக்கிறேன்.

"என்ன சார் கேக்கீக? இப்ப எப்படி வச்சிருக்கமோ அப்படித்தான். புல்லு தல காட்டுனா செதுக்குவோம். தொட்டிய நெறச்சு வைப்போம். நாயி, மாட்ட உள்ள விட மாட்டோம். ஒரு ஆளு பாதைய விட்டு எறங்காது. எறங்குனா மாடசாமி அண்ணன் கால ஒடிச்சிருவாரு. இதெல்லாம் நீங்க சொல்லித்தான் செய்யணுமா? பட்டாசுக் கம்பெனின்னா அப்படித்தான சார் இருக்கணும்?"

தலைவர் சிரித்தார். நான் சாட்சி. மாடசாமியும் அப்போதுதான் கையை மடக்கினார்.

ஷெட்டுகளுக்கு இடையேயுள்ள தரை இன்றிருப்பதுபோலவே திறந்தவெளியாக இருக்க வேண்டும், தொட்டிகளில் தண்ணீர் இருக்க வேண்டும், மரங்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே. இதைத்தான் பரிந்துரையாக எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்களும் சரி என்றார்கள். கூட்டத்தைத் தள்ளிவைக்கும் பேச்சே எழவில்லை. என் பணிக்காலத்தில் நான் வாங்கிக் கொடுத்த அனுமதிகளில், ஏற்கெனவே செய்துவருவதையே தொடர்ந்து செய் என்று நிபந்தனை போட்டது அது ஒன்றுதான். பித்தளைக் குடமும் வீணாகவில்லை. தலைவர் ரோட்டோரத்தில் முதல் வேம்பை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

அப்படியும் கடிதம் கைக்கு வரச் சில நாள் ஆகும். புது வேன் பெண்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டும். ஜெயராணி அவர்களைப் பார்த்துக் கேட்க வாயெடுத்தார். முத்துமாரிதான் முந்திக்கொண்டாள். "என்னக்கா முளிக்கீக? நாலு நாள் வீட்ல இருந்தா தேஞ்சா போயிருவோம்? அவ முட்ட பொரிக்கட்டும், நாங்க வாறோம்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஜெயராணி அந்த இடத்திலேயே அழுதார். அழுதபடியே எல்லோரையும் சாப்பிட்டீகளா என்று கேட்டார்.

ரோட்டோரத்தில் நட்டது போக மிச்சமிருந்த கன்றுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். புது வேன் திரும்பிப் போனபோது ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு வேம்போ புங்கையோ உட்கார்ந்திருந்தது. அந்த இன்னொரு டிரைவரும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "எனக்கும் ஒரு வேப்பங்கன்னு குடுங்கக்கா" என்றான். திட்டிக்கொண்டே கொடுத்தார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நல்லது என்று தெரிந்த யோசனை வரும்போது ஒரு நிமிடம் நின்று, இந்தத் தரைக்கு நல்லதா என்று பாருங்கள். குளறுபடி நடந்துவிட்டால் அதைக் கலைத்து ஒழுங்குபடுத்த ஓடாதீர்கள், முதலில் அதற்குள் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடையாளத்துக்குக் கட்டும் துணியின் நிறத்தை உள்ளூர் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிவநேசன் அன்று முதல் பையில் பச்சை ரிப்பன்தான் வைத்திருந்தார்.

லைசென்ஸ் சீசனுக்கு முன்பே வந்தது. புது ஷெட் திறக்கிற அன்று நானும் போயிருந்தேன். கேட்டில் மாவிலை, வாசலில் கோலம், புது வேன் நிறையப் பெண்கள். முதல் ஷெட்டிலிருந்து வரிசையாகப் பூசை போட்டு வந்தோம். நான்காவது ஷெட்டுக்கு முன்னால் மாடசாமி மறுபடியும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

இம்முறை பச்சை ரிப்பன். வாசற்படிக்கு நேர் முன்னால், கதவைத் திறந்தால் முதல் காலை வைக்கிற இடத்தில், இன்னொரு ஆள்காட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துக் கத்தியது, எழுந்திருக்கவில்லை.

ஜெயராணி கையில் சாவி. அந்த ஷெட்டுக்காகத்தானே அத்தனை நாள் அவர் தூங்காமல் கிடந்தார்? அவர் பறவையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்தீகளா டீச்சர் இவ சாமர்த்தியத்த? லைசென்சு எம்பேர்ல, பால் காச்சுனது இவ!"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அந்த ஷெட்டில் உட்கார வேண்டியவர்களுக்குக் குஞ்சு பொரிக்கிறவரை அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை கொடுக்கும்படி மாடசாமியிடம் சொன்னார். பிறகு நான்காவது சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மற்ற மூன்று ஷெட்டுகளையும் திறக்கப் போனார்.